நிரல் சிக்கலுக்கு விடை தேடும்போது: இயந்திரத்திடம் எதைக் கேட்பது, மனிதரிடம் எதைக் கேட்பது

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் கடையொன்றின் மேல்மாடியில், சனிக்கிழமைப் பிற்பகல்களில், நிரலாக்கம் கற்கும் இளைஞர்கள் சிலர் கூடுவார்கள். பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருபவர்களே அதிகம். வார நாள்களில் அவர்களுடைய கேள்விகள் எங்கள் வட்ஸ்அப் குழுவுக்கு வரும். கொழும்பிலும் வெளிநாடுகளிலும் வேலை செய்யும் எங்கள் பக்கத்துப் பொறியியலாளர்கள் சிலர் இரவில் நேரம் கிடைக்கும்போது விடையளிப்பார்கள். கேட்டதும் எழுத்தில் விடையளிக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலியான சட்ஜிபிடி வந்த பிறகு (இயந்திரம் என்று நான் இங்கே சொல்வது இத்தகையவற்றையே) குழுவுக்கு வரும் கேள்விகளின் தொகை குறைந்தது. ஆனால் வரும் கேள்வி ஒவ்வொன்றையும் அவிழ்க்க எடுக்கும் நேரம் கூடியது. காரணம், கேள்வியோடு சேர்ந்து இயந்திரம் ஏற்கெனவே கொடுத்த அரைகுறை விடையும் வருகிறது. முதலில் அதை அவிழ்த்து எடுத்த பின்னரே உண்மையான சிக்கலைத் தொட முடிகிறது. இந்த வழிகாட்டியை அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். இயந்திரத்தைத் தொடாதீர்கள் என்று சொல்வது என் நோக்கமன்று. நானும் நாள்தோறும் அதைப் பயன்படுத்துகிறேன்.

ஒரு நிகழ்வோடு தொடங்குகிறேன், ஏனெனில் பின்னால் சொல்லப்போவதில் பெரும்பகுதி அதற்குள் இருக்கிறது. முன்பள்ளி ஒன்றுக்குப் பெற்றோர் பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருந்த தம்பி ஒருவர், தேசிய அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியைக் கண்டுபிடிக்கும் நிரலை இயந்திரத்திடம் கேட்டு வாங்கினார். நம் அட்டையின் அமைப்பு பலருக்கும் தெரிந்ததே: பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும், 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள். பிறந்த ஆண்டும், அதையடுத்து அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இலக்கத்துக்குள்ளேயே இருக்கும். பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். இயந்திரம் இவற்றையெல்லாம் சரியாகவே சொல்லி, பதினைந்து வரிகளில் பைதான் மொழியில் அழகான நிரலைக் கொடுத்தது. தம்பி தன் இலக்கத்தைப் போட்டுப் பார்த்தார், சரியாக வந்தது. அக்காவின் இலக்கத்தையும் போட்டுப் பார்த்தார், அதுவும் சரி. பட்டியல் முழுவதையும் ஓட்டி, அச்சிட்டுக் கொடுத்தும் விட்டார்.

அடுத்த வாரம் தாய்மார் பலர் வந்து, தங்கள் பிறந்த நாள் ஒரு நாள் தள்ளிப் பதிவாகியிருப்பதாகச் சொன்னார்கள். தம்பி மறுபடியும் இயந்திரத்திடம் கேட்டார். அது மன்னிப்புக் கேட்டு, நேர வலயச் சிக்கலாக இருக்கலாம் என்று சொல்லி, புதிய நிரலைத் தந்தது. பிழை அப்படியே இருந்தது. மூன்றாம் முறை கேட்டபோது எல்லாத் திகதியிலும் ஒன்றைக் கழிக்கச் சொன்னது. அப்படிச் செய்ததும், அதுவரை சரியாக இருந்தவையும் பிழையாயின. கடைசியில் அந்தப் பட்டியலைப் பார்த்தவர், அலுவலகமொன்றில் பல ஆண்டுகளாகப் படிவம் நிரப்பும் வேலை செய்யும் ஓர் அக்கா. ஒரு வரி நிரல்கூட எழுதியறியாதவர். "தம்பி, ஐ.சி. நம்பர்ல பெப்ரவரிக்கு எப்பவும் 29 நாள்தான். லீப் வருசமா இல்லையான்னு அது பார்க்காது" என்றார். அவ்வளவுதான் சிக்கல். 2001ஆம் ஆண்டு மார்ச் முதலாம் திகதி பிறந்தவருக்கு நாட்காட்டிப்படி 60ஆம் நாள், அட்டையில் 61. நிரலோ அந்த 61ஐ அவ்வாண்டின் உண்மையான நாட்காட்டியில் எண்ணி மார்ச் 2 என்றது. தம்பி 2004இல், அதாவது லீப் ஆண்டில், பிறந்தவர். அவருடைய அக்கா பிறந்தது ஜனவரியில். சோதித்துப் பார்த்த இரண்டு இலக்கங்களும் பிழை வெளிப்பட முடியாத இலக்கங்களாகவே அமைந்துவிட்டன.

ஆகவே கேள்வியை எங்கேனும் கேட்பதற்கு முன், அதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு பாதி நிரல்மொழியைச் சேர்ந்தது: இந்த வழுச்செய்தியின் பொருள் என்ன, பட்டியலை எப்படி வரிசைப்படுத்துவது, இணையப் பக்கங்களை அமைக்க உதவும் ரியாக்ட்டில் இந்தப் பக்கம் ஏன் திரும்பத் திரும்ப வரையப்படுகிறது போன்றவை. இவற்றைப் பற்றி உலகம் முழுவதும் பல ஆண்டுகளாக மக்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அதிலிருந்து கற்ற இயந்திரம் பெரும்பாலும் நன்றாகவே விடையளிக்கும். நள்ளிரவில் இதற்காக ஓர் அண்ணாவை எழுப்ப வேண்டியதில்லை. மறு பாதி, நிரல் எந்த உலகத்துக்காக எழுதப்படுகிறதோ அந்த உலகத்தைச் சேர்ந்தது: நம் அட்டை, நம் சம்பளச் சீட்டு, நம் எழுத்து. இந்தப் பாதியில் இயந்திரம் தெரியாது என்று சொல்வது அரிது. வேறோர் ஊரின் வழக்கத்தை எடுத்து, அதே உறுதியோடு நம் கையில் தந்துவிடும்.

சம்பளக் கணக்கு இதற்குத் தெளிவான உதாரணம். தமிழில் வைப்பு நிதிக் கழிவைப் பற்றிக் கேட்டால், இந்தியாவின் 12 வீதத்தை எடுத்து நிரலுக்குள் வைக்கும் விடையை நான் பல முறை கண்டிருக்கிறேன். இலங்கையில் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில் வழங்குநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 வீதம் தொழில் வழங்குநரின் பொறுப்பு, ஊழியரின் சம்பளத்தில் அதைக் கழிக்கக் கூடாது. 12 என்ற எண் இரண்டு நாட்டிலும் இருப்பதால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்குப் பிழை தென்படாது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளமும் இப்படித்தான்: 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று அது மாறிக்கொண்டே வருகிறது, இயந்திரமோ தான் கற்ற ஆண்டில் நின்றுவிடும். இத்தகைய எண்களை விடையிலிருந்து அப்படியே எடுக்காமல், வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்தோ சம்பளப் பிரிவில் வேலை செய்பவரிடம் கேட்டோ உறுதிசெய்து, நிரலின் நடுவில் புதைக்காமல் தனிக் கோப்பில் வையுங்கள்.

சொற்களும் காலை வாரிவிடும். செக்ரோல் (தோட்டத் தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவேடு) கணக்குக்கு ஒரு செயலி எழுத முயன்ற ஒருவர், "ஒரு தொழிலாளிக்கு மாதத்தில் எத்தனை பேர் விழுந்தது என்று கணக்கிட வேண்டும், அரைப்பேரையும் சேர்க்க வேண்டும்" என்று இயந்திரத்திடம் கேட்டிருந்தார். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. இயந்திரம் அதைப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, தரவுத்தளத்தில் எழுத்துகளுக்கான நெடுவரிசையொன்றை அமைத்து, அரைப்பேருக்குப் பெயரின் முதற்பாதியை வெட்டி எடுக்கும் வழியையும் கற்பித்திருந்தது. சிரித்துவிட்டு விட்டுவிடலாம், ஆனால் இவ்வளவு அப்பட்டமாக இல்லாமல் நுணுக்கமாகப் பிழை விடும் இடங்களில் சிரிக்க வாய்ப்புக் கிடைக்காது. பேர், அரைப்பேர், கைக்காசு போன்ற சொல் வரும்போது அதன் பொருளையும் கணக்கையும் இரண்டு வாக்கியங்களில் நீங்களே விளக்கிவிட்டுக் கேளுங்கள்.

இயந்திரத்திடம் கேட்கும் முறையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஏதுமில்லை. எந்த மொழி, எந்தப் பதிப்பு, வழுச்செய்தி முழுவதும், நீங்கள் எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன என்பவற்றைக் கொடுத்தால் போதும். நான் ஒரு கேள்வியை மட்டும் தவறாமல் சேர்ப்பேன்: "இந்த நிரலை எழுதும்போது நீ எவற்றையெல்லாம் உண்மையென்று வைத்துக்கொண்டாய்?" தம்பி இதைக் கேட்டிருந்தால், நாள் எண் உண்மையான நாட்காட்டியைப் பின்பற்றுகிறது என்ற எடுகோள் அந்தப் பட்டியலில் வந்திருக்கக்கூடும், வந்திருந்தால் சரிபார்க்க வேண்டிய இடம் அப்போதே தெரிந்திருக்கும். இன்னொன்று: உண்மையான ஆளின் அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், தொலைபேசி இலக்கம் எதையும் இயந்திரத்துக்குக் கொடுக்காதீர்கள். நீங்களே கற்பனையாக எழுதிய இலக்கங்களை வைத்துக் கேளுங்கள். அந்தத் தாய்மாரின் விவரங்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை.

விடை கிடைத்த பிறகுதான் வேலை தொடங்குகிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நிரலாளர்கள் கேள்வி கேட்டு விடை பெறும் ஸ்டாக் ஓவர்புளோ தளத்தில் கேட்கப்பட்ட 517 கேள்விகளைச் சட்ஜிபிடியிடம் கொடுத்து, விடைகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார்கள். 52 வீதமான விடைகளில் பிழையான தகவல் இருந்தது. அது பழைய பதிப்பு. இன்றைய இயந்திரங்கள் பெரிதும் முன்னேறிவிட்டன. எனினும் அந்த ஆய்வில் என்னை உறுத்திய எண் வேறு: ஆய்வில் பங்குபற்றிய நிரலாளர்கள், விடையிலிருந்த பிழையை 39 வீதமான வேளைகளில் கவனிக்கவே இல்லை. விடை நாகரிகமாகவும் விரிவாகவும் எழுதப்பட்டிருந்தது அதற்கு ஒரு காரணம். இயந்திரம் முன்னேறினாலும் வாசிப்பவரின் இந்தப் பலவீனம் தானாக மாறாது. ஆகவே வாசித்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், ஓட்டிப் பாருங்கள். ஓட்டும்போதும் நிரலை உடைக்கக்கூடிய உள்ளீடுகளைத் தேடிக் கொடுங்கள். அட்டை இலக்கமென்றால், லீப் ஆண்டு ஒன்று, லீப் அல்லாத ஆண்டு ஒன்று, பெப்ரவரி 28, மார்ச் 1, டிசம்பர் 31, ஆண் ஒன்று, பெண் ஒன்று, பழைய அட்டை ஒன்று, புதியது ஒன்று. விடை என்னவாக இருக்க வேண்டுமென்பதை முதலில் தாளில் எழுதிவிட்டு ஓட்டுங்கள், இல்லையென்றால் திரையில் வருவதையே சரியென்று மனம் ஏற்றுக்கொள்ளும்.

தமிழ் எழுத்தைக் கையாளும் நிரலென்றால் நம் ஊர்ப் பெயர்களே நல்ல சோதனைப் பொருள். "நுவரெலியா" என்பதில் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்துகள். கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீட்டுமுறையான யூனிகோட்டில் ஒன்பது குறிகள். யூடிஎஃப்8 முறையில் சேமித்தால் 27 பைட்டுகள். முதல் எட்டை மட்டும் வெட்டி எடுக்கச் சொன்னால் பைதான் கால் ஒன்றைக் கழற்றிவிட்டு "நுவரெலிய" என்று தரும். "கொட்டகலை" இன்னும் நுட்பமானது: "கொ" என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு எதுவும் தெரியாது. தேடும்போது மட்டும் பாதிப் பேர் கிடைக்கமாட்டார்கள். எழுத்துச் சரத்தின் நீளத்தை எண்ணும் எந்த விடையையும் இந்த இரண்டு ஊர்ப் பெயர்களைக் கொடுத்துப் பார்க்காமல் நான் ஏற்பதில்லை.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட பழைய ஆவணங்கள் இன்றும் நம் அலுவலகங்களில் குவிந்து கிடக்கின்றன. அவற்றை யூனிகோட்டுக்கு மாற்ற, எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையை வைத்து இயங்கும் மாற்றியைப் பயன்படுத்துங்கள். பக்கத்தையே இயந்திரத்திடம் ஒட்டி மாற்றித் தரச் சொல்லாதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்து பார்த்தேன். வாசிக்க இனிமையான தமிழ் கிடைத்தது, ஆனால் மூலத்தில் இல்லாத ஒரு பெயர் அதில் இருந்தது. அட்டவணையை நிரலாக எழுத இயந்திரத்தின் உதவியைப் பெறலாம், மாற்றும் வேலையை நிரலே செய்யட்டும்.

விடையில் புதிய லைப்ரரி ஒன்றை, அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பொன்றை, நிறுவச் சொல்லியிருந்தால், கட்டளையைத் தட்டுவதற்கு முன் அப்படியொன்று உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். 2025இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய இயந்திரங்களுக்கு அடிப்படையான மொழி மாதிரிகள் பதினாறு எழுதிய 576,000 நிரல்களைச் சோதித்தபோது, பரிந்துரைக்கப்பட்ட லைப்ரரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இல்லாததாக இருந்தது. இல்லாத பெயரென்றால் நிறுவல் தோல்வியடையும், அதோடு போயிற்று என்று எண்ண வேண்டாம். அந்தப் பெயரில் யாரேனும் தீங்கான நிரலொன்றைப் பதிவேற்றி வைத்துக் காத்திருக்க முடியும். எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் மூலநிரல் இருக்கிறதா என்பவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இத்தனைக்குப் பிறகும் சிக்கல் தீரவில்லையென்றால் மனிதரிடம் போகலாம். ஒரே சிக்கலுக்கு இயந்திரம் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டு இரண்டு வெவ்வேறு காரணம் சொல்லிவிட்டால், மூன்றாம் முறை கேட்காமல் நேரே மனிதரிடம் போங்கள் என்பது என் கணக்கு. போகும்போது எப்படிப் போவது என்பதில்தான் நம் இளைஞர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். "அண்ணா, ஒரு டவுட்" என்று எழுதிவிட்டுக் காத்திருப்பது கேள்வியாகாது. கணினித் திரையைத் தொலைபேசியில் சாய்வாகப் படம் பிடித்து அனுப்புவதும் உதவாது. அதிலிருந்து நிரலை யாரும் நகலெடுக்க முடியாது. சிக்கலைத் தவிர மற்றெல்லாவற்றையும் நீக்கிவிட்டு, பிழையை அப்படியே திரும்பக் காட்டும் மிகச் சிறிய நிரலை எழுத்தாக அனுப்புங்கள். முந்நூறு வரியை இருபது வரியாகக் குறைக்கும் போதே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும்.

அதோடு, எது உங்கள் நிரல், எது இயந்திரம் தந்தது என்பதை மறைக்காமல் எழுதுங்கள். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. மூத்தவர் ஒருவர் உங்கள் நிரலைப் படிக்கும்போது, எழுதியவர் எதை நினைத்து இப்படி எழுதினார் என்று ஊகித்தே பிழையைத் தேடுகிறார். எழுதியது மனிதரல்லர் என்று தெரியாமல், இல்லாத எண்ணத்தைத் தேடி ஒரு மணி நேரம் அவர் வீணாக்கக் கூடாது. "இதுவரை இந்த மூன்று வழியை முயன்றேன், இரண்டாவது சட்ஜிபிடி சொன்னது, இந்த இடத்தில் உடைகிறது" என்ற ஒரு வாக்கியம் போதுமானது.

விடையளிக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் சில சொல்ல வேண்டும். சட்ஜிபிடி 2022 நவம்பர் 30ஆம் திகதி வெளியானது. டிசம்பர் 5ஆம் திகதியே, 2008இலிருந்து இயங்கிவந்த ஸ்டாக் ஓவர்புளோ, அதைக் கொண்டு எழுதிய விடைகளைத் தன் தளத்தில் இடுவதைத் தற்காலிகமாகத் தடைசெய்தது. பின்னரும் அந்தத் தடை நீடித்தது. அவர்கள் சொன்ன காரணம் நம் சிறு குழுவுக்கும் பொருந்தும்: அந்த விடைகள் பிழையாக இருக்கும் வாய்ப்பு அதிகம், ஆனால் பார்வைக்குச் சரியானவை போலவே இருக்கும், உருவாக்குவதும் மிக எளிது. ஒட்டுபவருக்கு அரை நிமிடம் போகும். அதைச் சரிபார்ப்பவருக்கு ஓர் இரவு போகும். ஆகவே எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: நீங்கள் ஓட்டிப் பார்க்காத எதையும் விடையாக இடக்கூடாது. இயந்திரம் எழுதியதா, நீங்கள் எழுதியதா என்று நாங்கள் விசாரிப்பதில்லை. எந்தப் பதிப்பில், எந்த உள்ளீட்டோடு ஓட்டினீர்கள் என்று மட்டும் கேட்போம். கேட்டவரும் இயந்திரத்திடம் கேட்டுவிட்டே நம்மிடம் வந்திருப்பார். அதே விடையை அவருக்கு மறுபடி ஒட்டுவது, தாகத்துக்கு வந்தவரை அவர் வந்த தண்ணீர்ப் பீலிக்கே திருப்பி அனுப்புவது போன்றது.

மனிதர் சொல்வதெல்லாம் சரி என்றும் எண்ணிவிட வேண்டாம். இதில் நானே குற்றவாளி. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் தமிழைச் சேமிக்க யூடிஎஃப்8 என்ற தெரிவு போதும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தேன். தமிழுக்கு அது உண்மையில் போதும், ஏனெனில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள், அந்தத் தெரிவு இடமளிப்பதும் மூன்று பைட்டுகளுக்கே. ஒருவர் தன் செய்தியில் சிரிக்கும் முகமொன்றைச் சேர்த்த நாளில் எல்லாம் உடைந்தது; எமோஜிக்கு நான்கு பைட்டுகள் வேண்டும். யூடிஎஃப்8எம்பி4 என்ற தெரிவைப் பயன்படுத்தச் சொல்லிச் சரியான காரணத்தைக் காட்டியது இயந்திரம்தான். நான் பழக்கத்திலிருந்து பேசினேன், எமோஜியை ஒருமுறைகூடச் சோதித்ததில்லை. மூத்தவரின் விடையையும் அதே சோதனை உள்ளீடுகளோடு ஓட்டிப் பார்க்க உங்களுக்கு உரிமையுண்டு. அதற்காகக் கோபிக்கும் அண்ணாவிடம் இரண்டாம் முறை கேட்க வேண்டாம்.

சிக்கல் தீர்ந்ததும் அதை எழுதி வையுங்கள், பிறர் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய இடத்தில் எழுதி வையுங்கள். வட்ஸ்அப் உரையாடலில் கிடைத்த விடை மறுவாரமே மேலே போய் மறைந்துவிடும். நிரல்மொழிகளைப் பற்றி இயந்திரம் நன்றாகப் பேசுவதற்குக் காரணம், முகம் தெரியாத பலர் தங்கள் சிக்கலையும் தீர்வையும் பொதுவில் எழுதிவைத்தமையே. நம் அட்டையையும் செக்ரோலையும் பற்றி அப்படி எழுதியவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் அந்த இடங்களில் இயந்திரம் கையை விரிக்காமல் கதை சொல்கிறது. எங்கள் குழு இப்போது கிட்ஹப்பில் ஒரு பொதுக் கோப்பு வைத்திருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் திகதி, சிக்கல், காரணம், ஓட்டிப் பார்த்த உள்ளீடுகள், விடை எங்கிருந்து வந்தது என்பவை தமிழில் எழுதப்படும். ஆட்களின் விவரம் எதுவும் இராது. விடை வந்த இடம் என்ற கட்டத்தில் சில பதிவுகளில் "இயந்திரம், நாங்கள் சோதித்தது" என்றிருக்கும், சிலவற்றில் ஆவணத்தின் பெயர் இருக்கும். அடையாள அட்டைப் பற்றிய பதிவில் தம்பி எழுதியிருப்பது: "படிவம் நிரப்பும் அக்கா சொன்னது. 2001 மார்ச் 1, நாள் எண் 61, சரி."